ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்புவது: ஆயுதப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு

சிங்கப்பூரில் தற்காப்புக்கென்று யாரும் துப்பாக்கியோடு நடமாட முடியாது. அனுமதியில்லாத தோட்டா ஒன்று பையில் இருந்தாலே போதும், 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. ஆளைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை. ஆகவே இது வீட்டில் வைத்துப் பழகுகிற வித்தை இல்லை. துணைப் போலிஸாக ஆயுதம் ஏந்தும் பணிக்குத் தேர்வாகி, பயிற்சிக்கூடத்தில் முதல்முறை ரிவால்வரைக் கையில் வாங்கப்போகிறவர்களுக்காக எழுதியது. பயிற்றுநர் சொல்வது இங்கே உள்ளதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே செய்யுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முறை உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி செய்வதால்தான் பக்கத்தில் நிற்பவர் உங்கள் கை அடுத்து எங்கே போகும் என்று தெரிந்து வைத்திருப்பார்.

இங்கே போலிஸ் நெடுங்காலம் கையாண்டது .38 ஸ்பெஷல் ரிவால்வர். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10இல் 6 தோட்டா. பிறகு வந்த டாரஸ் மாடல் 85இல் 5. பிஸ்டலில் காலி மேகசினைக் கழற்றிப் புதியதைத் தள்ளினால் வேலை முடிந்தது. ரிவால்வரில் அப்படி இல்லை: திறக்க வேண்டும், சுட்ட கூடுகளை வெளியே தள்ள வேண்டும், புதிய தோட்டாக்களைத் துளைகளில் இறக்க வேண்டும், மூட வேண்டும். புதியவர்கள் மூன்றாவது கட்டத்தைத்தான் கடினம் என்று நினைத்து அதையே பழகுகிறார்கள். உண்மையில் கை தடுமாறுவது இரண்டாவதில். கூடுகள் சுத்தமாக வெளியே விழுந்துவிட்டால் நிரப்புவது தானாக நடக்கும். ஒரு கூடு சிக்கிக்கொண்டால் எவ்வளவு விரைவான கையும் நின்றுவிடும்.

உபரித் தோட்டாவை எதில் வைப்பது

மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஸ்பீட் லோடர்: சிலிண்டரின் (ரிவால்வரில் தோட்டா இருக்கும் சுழல் உருளை) துளைகள் இருக்கும் அதே வட்டத்தில் 5 அல்லது 6 தோட்டாக்களைப் பிடித்து வைத்திருக்கும் உருளை. எச்.கே.எஸ். வகையில் பின்னாலுள்ள குமிழைத் திருகினால் தோட்டாக்கள் விடுபடும். சஃபாரிலேண்ட் வகையில் திருக வேண்டாம், சிலிண்டரை நோக்கி அழுத்தினால் போதும். இரண்டும் நம்பகமானவைதான். ஆனால் திருகும் வகையில் ஒரு தொல்லை: சிலிண்டரை இடக்கை விரல்களால் இறுகப் பிடிக்காவிட்டால் குமிழோடு சேர்ந்து சிலிண்டரும் சுற்றும், தோட்டா விடுபடாது. பதற்றத்தில் இது ஏன் நடக்கிறது என்றே புரியாது. எந்த லோடரும் எல்லா ரிவால்வருக்கும் பொருந்தாது. 5 துளைக்கானது 6 துளையில் இறங்காது. 6 துளையிலும் ரிவால்வர் உடலின் அளவைப் பொறுத்து லோடர் மாறும்.

இரண்டாவது ஸ்பீட் ஸ்ட்ரிப்: தோட்டாக்களின் விளிம்பை வரிசையாகக் கவ்வும் ரப்பர் பட்டை. தட்டையானது, சீருடையில்லாப் பணிக்கு ஏற்றது. இரண்டிரண்டாகத் துளையில் வைத்து, பட்டையைப் பக்கவாட்டில் உரித்து எடுக்க வேண்டும். லோடரைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பட்டையில் 6 இடமும் நிரப்பினால் பிடிக்கக் கைப்பிடியே இருக்காது. 5 துளை ரிவால்வருக்கு 4 தோட்டா மட்டும் போட்டு, நடுவிலும் ஓரத்திலும் இடம் விட்டு வைப்பவர்கள் உண்டு. ஒரு தோட்டா குறைந்தாலும் பிடி கிடைக்கிறது, அது நல்ல பேரம்தான்.

மூன்றாவது, பெல்ட் வளையத்திலோ கவிழ்த்துக் கொட்டும் பையிலோ உதிரியாக வைப்பது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1970 ஏப்ரல் 6 அன்று கலிஃபோர்னியாவின் நியூஹால் பகுதியில் நெடுஞ்சாலைப் போலிஸார் நால்வர் ஒரே மோதலில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் உதிரித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டு சிலிண்டரை மூடும் தறுவாயில் சுடப்பட்டார். அதன்பின் அந்தப் படை ஸ்பீட் லோடருக்கு மாறியது. காலிக் கூடுகளை அவர் சட்டைப்பையில் போட்டு வைத்திருந்தார் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் பலமாக இல்லை. கதை எப்படியிருந்தாலும், சுட்ட கூடு தரையில்தான் விழ வேண்டும் என்ற பாடம் சரியானது. பயிற்சியில் கூட்டைக் கையில் பிடித்துச் சேகரிக்கும் பழக்கம் வந்தால், அது வேண்டாத நேரத்திலும் வரும். பயிற்சி முடிந்த பிறகு குனிந்து பொறுக்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு எடுத்துச் செல்வது என்பது உங்கள் கையில் இல்லை. கணக்குப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஒரு .38 தோட்டா சுமார் 15 கிராம். இரண்டு லோடர் நிறைய வைத்தாலும் இடுப்பில் பாரம் பெரிதில்லை, பருமன்தான் தொந்தரவு.

பெல்ட்டில் எங்கே

வலக்கைக்காரர் என்றால், இங்கே சொல்லும் முறையில் தோட்டா நிரப்புவது வலக்கை. அதனால் பவுச் வலப்பக்கம், ஹோல்ஸ்டருக்கு முன்னால், பெல்ட் பக்கிளை ஒட்டி இருக்க வேண்டும். பிஸ்டல் பழகியவர்கள் வழக்கத்தால் இடப்பக்கம் மாட்டிக்கொள்வார்கள். பிறகு வலக்கை வயிற்றைத் தாண்டிக் குறுக்கே போய்த் தேடும். இடக்கையால் நிரப்பும் முறையைக் கற்றுத்தரும் பிரிவில் பவுச் இடப்பக்கம் வரும். முறையும் பவுச்சும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டியதும் நின்று பார்த்தால் போதாது. பண வண்டியில் வேலை என்றால் இருக்கையில் உட்கார்ந்து, சீட் பெல்ட் போட்டு, பவுச் மூடியைத் திறந்து பாருங்கள். வயிற்று மடிப்பு மூடியை அமுக்கும், சீட் பெல்ட்டின் பூட்டு பவுச்சின் மேலேயே வந்து உட்காரும். இரண்டு விரல் அகலம் முன்னே பின்னே நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மழைக்கோட்டும் அப்படித்தான். நவம்பர், டிசம்பர் மழையில் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை கையை உள்ளே விட்டுப் பார்த்தால் பிரச்சினை உடனே தெரியும்.

கால்சட்டைப் பையில் சாவி, சில்லறை, ஈஸி-லிங்க் கார்டு இருக்கும் இடத்தில் லோடரைப் போடாதீர்கள். குமிழ் சாவியில் மாட்டித் திரும்பினால் எல்லாத் தோட்டாவும் பைக்குள் உதிரும்.

நிரப்பும் முறை

முதலில் ஒரு விஷயம். திறந்த வெளியில் நின்றுகொண்டு நிரப்புவது கடைசி வழி. தூண், வண்டியின் எஞ்சின் பகுதி, சுவர் என்று எதற்காவது பின்னால் போய்விட்டுத்தான் சிலிண்டரைத் திறக்க வேண்டும். 5 முறை சுட்டுவிட்டு ஆறாவது தடவை ‘டிக்’ என்று கேட்ட பிறகுதான் நினைவு வரும் என்றால் தாமதம். எண்ணிக்கொண்டே சுடுவது எல்லோருக்கும் வராது. ஆனால் மறைவு கிடைத்த நொடியில் நிரப்பிக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் வரும்.

வலக்கைக்காரருக்கான வரிசை இது. இடக்கைக்காரர்கள் பயிற்றுநரிடம் தனியாகக் கேளுங்கள். சிலிண்டர் இடப்பக்கம்தான் திறக்கும் என்பதால் இதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிச் செய்தால் வேலைக்கு ஆகாது.

1. விரல் விசையிலிருந்து வெளியே, துப்பாக்கியின் உடலோடு ஒட்டி நேராக. இது இல்லாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். துப்பாக்கியை மார்புக்குக் கீழே, உங்கள் முன்னால் கொண்டு வாருங்கள். முழங்கை விலாவை ஒட்டியிருக்கட்டும், கண் எதிரே இருப்பவர்மேல் இருக்கட்டும்.

2. இடக்கை துப்பாக்கியின் அடியில் வருகிறது. வலக் கட்டைவிரல் லாட்சை, அதாவது சிலிண்டரைத் திறக்கும் தாழைத் தள்ளுகிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலும் டாரஸிலும் லாட்சை முன்னே தள்ள வேண்டும், பழைய கோல்ட்டில் பின்னே இழுக்க வேண்டும், ரூகரில் உள்நோக்கி அழுத்த வேண்டும். அதே நேரம் இடக்கையின் நடுவிரலும் மோதிர விரலும் வலப்புறமிருந்து சிலிண்டரைத் தள்ளி, துப்பாக்கிச் சட்டகத்தின் இடைவெளி வழியாக நுழைகின்றன. இப்போது அந்த இரண்டு விரலும் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். சிலிண்டர் நடுவில் சிக்கியிருக்கும். இந்தப் பிடி கடைசிவரை மாறாது.

3. குழல்வாய் மேலே. பாதி சாய்வு போதாது, வானத்தைப் பார்த்து நேராக. சிலிண்டரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், கூடுகளைத் தள்ளும் எஜெக்டர் கம்பியை வலது உள்ளங்கையால் ஒரே அடி. பலமாக, ஒரே ஒரு தடவை. கூடுகள் தங்கள் பாரத்தாலேயே கீழே விழும். மெதுவாக இரண்டு மூன்று முறை அழுத்துவதுதான் புதியவர் எல்லோரும் செய்வது, அதுதான் தவறும்.

4. குழல்வாய் கீழே. வலக்கை பவுச்சுக்குப் போகிறது. லோடரைக் குமிழைப் பிடித்துத் தூக்காதீர்கள், உடலைப் பிடியுங்கள். விரல் நுனிகள் தோட்டாக்களின் மூக்குவரை எட்டட்டும். விரல்நுனி சிலிண்டரைத் தொட்டதும் துளை எங்கே என்று கண் பார்க்காமலே தெரியும். இரண்டு தோட்டா துளைக்குள் நுழைந்தால் மற்றவை தாமே வழிக்கு வரும். அசைத்து இறக்கி, திருகுங்கள் அல்லது அழுத்துங்கள். லோடர் தரையில் விழட்டும். அதை ஓரமாக வைக்கவோ பையில் போடவோ முயலாதீர்கள்.

5. வலக்கை பிடியைப் பற்றிக்கொள்கிறது. இடக் கட்டைவிரல் சிலிண்டரைத் தள்ளி மூடுகிறது. மூடியதும் சிலிண்டரைச் சற்றே சுற்றினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். பூட்டவில்லை என்றால் விசையை இழுத்தாலும் சுடாமல் போகலாம். சினிமாவில் மணிக்கட்டைச் சுண்டி மூடுவார்கள். அப்படிச் செய்தால் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை மெல்ல வளையும். பிறகு துளையும் குழலும் நேராக நிற்காது. ஆயுதக் கிடங்கில் அதைக் கண்டுபிடிப்பவரிடம் நீங்கள் வாங்கும் வசவு தனி.

பழகியவருக்கு இதெல்லாம் 4, 5 விநாடி. ஜெர்ரி மிக்குலெக் என்ற அமெரிக்கர் 1999இல் 6 துளை ரிவால்வரால் 6 சுட்டு, நிரப்பி, மறுபடி 6 சுட்டதற்கு மொத்தம் 2.99 விநாடி. அது வேறு உலகம். அதைக் காணொளியில் பார்த்துவிட்டு வந்து பயிற்சிக்கூடத்தில் வேகம் காட்டுபவர்கள்தான் தோட்டாக்களைத் தரையில் கொட்டுகிறார்கள்.

பாதி மட்டும் சுட்டிருந்தால்

இரண்டு சுட்டாகிவிட்டது, மூன்று மீதி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு லோடரால் நிரப்புவதே எளிது. உபரி இருக்கிறது என்றால் அதைச் செய்யுங்கள். உபரி குறைவு என்றால் வேறு வழி: குழல்வாயைச் சற்றுக் கீழே சாய்த்து, எஜெக்டர் கம்பியைப் பாதி அழுத்தி விடுங்கள். சுடாத தோட்டாக்கள் துளைக்குள் திரும்பி இறங்கிவிடும். சுட்ட கூடுகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் விரிந்து துளைச் சுவரைக் கவ்வியிருப்பதால் வெளியே நீட்டியபடி நிற்கும். விரலால் பறித்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் போடலாம்.

ஸ்ட்ரிப்பால் இரண்டு மட்டும் போட்டு உடனே மூட வேண்டிய கட்டாயம் வந்தால் எந்தத் துளையில் போட்டோம் என்பது முக்கியம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், டாரஸ் இரண்டிலும் பின்னாலிருந்து பார்த்தால் சிலிண்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே மூடும்போது தோட்டா உள்ள துளைகள் மேல்துளைக்கு அடுத்த வலப்பக்கம் இருக்க வேண்டும். கோல்ட்டில் இதற்கு நேர் எதிர். தவறிவிட்டால் குடி முழுகிவிடவில்லை. விசையைத் தொடர்ந்து இழுத்தால் ஓரிரு ‘டிக்’குக்குப் பிறகு தோட்டா வந்து சேரும்.

எங்கே தவறுகிறது

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது, கூடு நட்சத்திரத்துக்கு அடியில் போய்ச் சிக்குவது. கூடுகளின் விளிம்பைத் தூக்கிவிடும் நட்சத்திர வடிவத் தகடு சிலிண்டரின் பின்பக்கம் இருக்கிறது. குழல்வாய் மட்டமாக இருந்தாலோ, கம்பியை அரைமனதாக அழுத்தினாலோ, ஒரு கூட்டின் விளிம்பு தகட்டைத் தாண்டி நழுவித் துளைக்குள்ளேயே தங்கிவிடும். தகடு அதன்மேல் வந்து மூடிக்கொள்ளும். இனி எத்தனை தடவை அடித்தாலும் வராது. அடிக்காதீர்கள். கம்பியை முழுதாக அழுத்திப் பிடித்து, தகட்டைத் தூக்கியபடியே வைத்து, அடியிலுள்ள கூட்டை மறுகையின் நகத்தாலோ பேனா முனையாலோ பின்னோக்கி நெம்பி எடுக்க வேண்டும். அமைதியான அறையில்கூட அரை நிமிடம் பிடிக்கும் வேலை.

2 அங்குலக் குழல் உள்ள ரிவால்வரில் இந்த ஆபத்து கூடுதல். குழல் குட்டை என்பதால் எஜெக்டர் கம்பியும் குட்டை. 29 மில்லிமீட்டர் நீளக் கூட்டை முழுதாக வெளியே தள்ள அதற்கு நீளம் போதாது. கடைசித் துண்டு தூரத்தைக் கூடு தன் வேகத்தாலும் பாரத்தாலும்தான் கடக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடிப்பதும் ஓங்கி அடிப்பதும் ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

சிலிண்டர் மூட மறுத்தால் பெரும்பாலும் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் உட்கார்ந்திருக்கும். குழல்வாயைக் கீழே வைத்துக் கம்பியை அழுத்தினால் துகள் அங்கே விழுந்து தங்கும். மேல்நோக்கினால் வெளியே கொட்டும். துடைக்கப் பழைய பல்துலக்கி போதும், உலர்ந்ததாக. அந்த இடத்தில் எண்ணெய் விட்டால் துகள் சேறாகி ஒட்டிக்கொள்ளும்.

எஜெக்டர் கம்பி மரை கழன்று முன்னே நீண்டாலும் சிலிண்டர் திறக்காது, அல்லது திறந்தால் மூடாது. பணிக்கு வாங்கும்போது கம்பியை விரலால் ஒருமுறை திருகிப் பார்ப்பது 2 விநாடி வேலை. பெரிய ரப்பர் பிடியின் இடப்பக்க விளிம்பு லோடரை இடிப்பதும் உண்டு. பிடி கைக்குச் சுகமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். லோடர் தடையில்லாமல் இறங்குகிறதா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நம் ஊர் ஈரமும் தோட்டாவும்

சிங்கப்பூரின் வெயிலில் 8 மணி நேரம் நின்றால் பெல்ட்டின் உள்பக்கம் வேர்வையில் ஊறிவிடும். தோல் வளையத்தில் நாள்கணக்கில் இருக்கும் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு படியும். தோலைப் பதனிடும் அமிலமும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. அந்தப் பச்சை மெல்லிய படலமாக இருந்தாலும் தோட்டா துளையில் முக்கால்வாசி இறங்கி நின்றுவிடும். உலர்ந்த துணியால் துடைப்பது போதும். எண்ணெயோ பாலிஷோ தடவக்கூடாது. அடித்தட்டின் நடுவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் எண்ணெய் கசிந்தால் தோட்டா செத்துப்போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

வாங்கும்போது ஒவ்வொரு தோட்டாவையும் விளக்கடியில் உருட்டிப் பாருங்கள். பிரைமர் அடித்தட்டைவிட மேலே எழும்பி இருக்கிறதா? விரல் தடவினாலே தெரியும். எழும்பி இருந்தால் சிலிண்டர் சுற்றும்போது உரசி நிற்கும். குண்டு கூட்டுக்குள் அமுங்கியோ வெளியே நீண்டோ இருக்கிறதா? அப்படி ஏதேனும் ஒன்று இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அதே லோடரை மாதக்கணக்கில் நிரப்பியே வைத்திருக்கும் இடங்களில், குமிழின் பிடிப்புத் தளர்ந்திருக்கிறதா என்று மேசைக்கு மேல் ஒரு கை உயரத்தில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். ஒரு தோட்டா விழுந்தால் அந்த லோடர் வேண்டாம்.

பழகுவது

பயிற்சிக்கூடத்தில், பயிற்றுநர் முன்னிலையில், அவர் கொடுக்கும் போலித் தோட்டாவோடு மட்டும். வெளிநாட்டு இணையக் கடையில் போலித் தோட்டா, பொம்மை ரிவால்வர், காலி லோடர் என்று மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். உண்மைத் துப்பாக்கி போலவே இருக்கும் பொம்மைக்குக்கூட இங்கே கட்டுப்பாடு உண்டு. தாய்லாந்தில் சுற்றுலாத் தளத்தில் சுட்டுவிட்டு நினைவுக்காகக் கூட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் அதே வகைத் தலைவலி.

பழகும் வரிசை: முதல் சில நாள் காலிக் கூடுகளை வெளியே தள்ளுவது மட்டும். 6 கூடும் ஒரே அடியில் தரையில் விழும்வரை வேறெதற்கும் போகாதீர்கள். பிறகு லோடரைப் பவுச்சிலிருந்து எடுத்துத் துளையில் வைப்பது மட்டும். அதன்பின் இரண்டையும் சேர்த்து, மெதுவாக, கீழே பார்க்காமல். கீழே பார்க்காமல் வருகிறது என்றான பிறகு விளக்கை அணைத்துவிட்டு. கையுறை போடும் பணி என்றால் கையுறையோடு. மூச்சு வாங்க மாடிப்படி ஏறி இறங்கிய உடனே, விரல் நடுங்கும் நிலையில். ஒரு கை காயம்பட்டால் என்ன செய்வது என்பதையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வலக்கை மட்டும்தான் என்றால், லாட்சைக் கட்டைவிரலாலும் சிலிண்டரை ஆள்காட்டி விரலாலும் தள்ளித் திறந்து, குழல்வாயை மேலே வைத்தபடி கம்பியை அழுத்திக் கூடுகளைத் தள்ளி, பிறகு திறந்த துப்பாக்கியை இடுப்பு பெல்ட்டுக்குள் குழல் கீழே இருக்கச் செருகி நிரப்ப வேண்டியிருக்கும். போலித் தோட்டாவோடுகூட இதைத் தனியாக முயல வேண்டாம்.

சுடுதளத்தில் கட்டளைகள் ஆங்கிலத்தில் வரும். ‘அன்லோட்’, ‘சீஸ் ஃபயர்’ என்ற சத்தம் காதில் விழுந்ததும் நிரப்பும் கை பாதியில் இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். “இதோ முடிச்சிட்டேன் சார்” என்று சிலிண்டரை மூடிவிட்டு நிமிர்பவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் திட்டு வாங்குபவர். தோட்டா தரையில் உருண்டால் கை தூக்குங்கள், குனியாதீர்கள்; துப்பாக்கியோடு குனிகிறவரின் குழல் எங்கே திரும்பும் என்பது அவருக்கே தெரியாது. கணக்கு நேராகும்வரை யாரும் தளத்தைவிட்டு நகர முடியாது. எல்லோரும் புல்லிலும் வடிகால் ஓரத்திலும் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், விழுந்ததை மறைத்து வைத்திருந்தவர் என்ற பெயர் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.